நம் ஊர் மேப், நம் கம்ப்யூட்டரில்: ஜாவா புராஜெக்டில் லீஃப்லெட் அமைப்பது எப்படி?

இன்டர்நெட்டில் மேப் பார்க்காதவர்கள் இன்று மிகக் குறைவு. தெரியாத ஊரில் கல்யாண மண்டபம் தேடுவதற்கும், பஸ் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குப் போவதற்கும் மேப்பைத்தான் திறக்கிறோம். ஆனால் அடுத்தவர் தயாரித்த மேப்பைப் பார்ப்பது வேறு. நமக்கு வேண்டிய இடங்களைக் குறித்து நாமே ஒரு மேப் பக்கம் அமைப்பது வேறு. இரண்டாவது வேலை புரோகிராமர்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கின்றனர். அப்படி இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஜாவா கற்கத் தொடங்கியிருக்கும் எவரும் ஓர் ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்து முடிக்கலாம்.

இதனால் என்ன பயன்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளுடன் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. அந்த நாள்களில் மக்கள் கேட்ட கேள்விகள் எளியவை. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது? எந்தப் பள்ளியில் தங்கலாம்? எந்தப் பாதை திறந்திருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் அந்தந்தத் தெருக்காரர்களே.

சென்னையில் 2015 வெள்ளத்தின்போது இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்னும் இலவச மேப்பின் மீது, தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் வகையில் தன்னார்வலர்கள் ஒரு வெப் பக்கம் அமைத்தனர். அந்த வகைப் பக்கம் எப்படி இயங்குகிறது, அதை ஒரு ஜாவா புராஜெக்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதை இங்கு காணலாம். எடுத்துக்காட்டாகத் தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் ஊரை வைத்துச் செய்து பாருங்கள்.

மூன்று பொருள்கள் சேர்ந்ததே மேப்

திரையில் தெரியும் மேப் ஒரே படம் போலத் தோன்றும். உண்மையில் அது மூன்று தனித்தனிப் பொருள்கள் சேர்ந்தது.

முதலாவது, படம். உலக மேப் முழுவதையும் 256 பிக்ஸல் நீளமும் அகலமும் கொண்ட சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். தரையில் பதிக்கும் ஓடு போல இருப்பதால் இதற்கு டைல் என்று பெயர். ஜூம் அளவு 0 எனில் உலகம் முழுவதும் ஒரே டைலில் அடங்கும். ஜூம் 1-ல் 4 டைல்கள், 2-ல் 16. இப்படி ஒவ்வொரு படிக்கும் நான்கு மடங்காகும். ஜூம் 18-ல் உலகத்துக்கு சுமார் 6,872 கோடி டைல்கள் வேண்டும்! இவை எல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. திரையில் தெரியும் பகுதிக்கான இருபது, முப்பது டைல்கள் மட்டுமே வந்து சேரும்.

இரண்டாவது, லைப்ரரி. எந்த டைல் வேண்டும் எனக் கணக்கிட்டு, அதை வரவழைத்து, சரியான இடத்தில் ஒட்டி, மவுஸால் இழுக்கும்போது நகர்த்தும் வேலையைச் செய்வது இதுதான். இது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது, பிரவுசருக்குள் இயங்கும்.

மூன்றாவது, தகவல். பள்ளிக்கூடம் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, பள்ளமான சாலை எது என்ற பட்டியல். இதைத் தருவதுதான் நம் ஜாவா புரோகிராமின் வேலை.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்று எனப் புதியவர்கள் குழம்புவதுண்டு. இரண்டும் வேறு வேறு மொழிகள். இங்கே ஜாவா சர்வரில் இருந்து பட்டியலைத் தரும். ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசரில் இருந்து அதை மேப் மீது குத்தும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த மேப், எந்த லைப்ரரி?

கூகுள் மேப்ஸ் 2005-ல் வந்தது. அதே ஆண்டில் மற்றவர்கள் தங்கள் பக்கங்களில் அதைப் பொருத்தும் வசதியும் வந்தது. ஆனால் 2018 முதல் அதற்குக் கீ எனப்படும் அனுமதி எழுத்துகளும், கார்டு இணைத்த பில்லிங் கணக்கும் தேவைப்படுகின்றன. இலவச அளவைத் தாண்டினால் கட்டணம் உண்டு. கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களுக்கு இது தயக்கம் தரும்.

எனவே இங்கு இரண்டு இலவசப் பொருள்களைப் பயன்படுத்துவோம். மேப் படம், 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன் ஸ்ட்ரீட் மேப். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்தது. லைப்ரரி, உக்ரைனைச் சேர்ந்த வோலோதிமிர் அகாஃபோன்கின் உருவாக்கி 2011-ல் வெளியான லீஃப்லெட். அளவில் சிறியது; கற்க எளியது. இந்தக் கட்டுரையில் 2023-ல் வெளியான 1.9.4 பதிப்பை எடுத்துக்கொள்வோம்.

புராஜெக்ட் தயாரித்தல்

முதலில் ஜேடிகே எனப்படும் ஜாவா டெவலப்மென்ட் கிட் தேவை. 17 அல்லது 21 பதிப்பைப் பதிந்துகொள்ளவும். எக்லிப்ஸ் டெமுரின் என்ற பெயரில் இது இலவசமாகக் கிடைக்கிறது. புரோகிராம் எழுத எக்லிப்ஸ் அல்லது இன்டெலிஜே ஐடியா, இரண்டில் ஒன்றை இன்ஸ்டால் செய்திடவும்.

ஒரு முக்கியக் குறிப்பு. இங்கே பைல் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் அமைக்க வேண்டும். ஜாவாவில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, பிரவுசரில் ஸ்டார்ட் டாட் ஸ்பிரிங் டாட் ஐஓ என்ற தளத்திற்குச் செல்லவும். இது ஸ்பிரிங் பூட் வகைப் புராஜெக்டை நமக்காகத் தயாரித்துத் தரும் இடம். கிடைக்கும் பக்கத்தில் மேவன், ஜாவா, ஜார் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கவும். புராஜெக்டுக்கு ஊர்மேப் எனப் பெயரிடலாம். வலது பக்கத்தில் டிபென்டென்சீஸ் என்ற பிரிவில் ஸ்பிரிங் வெப் என்பதைச் சேர்த்து, ஜெனரேட் பட்டனைக் கிளிக் செய்திடவும். ஒரு ஜிப் பைல் டவுன்லோட் ஆகும்.

அதை விரித்து, எக்லிப்ஸில் பைல், இம்போர்ட், எக்சிஸ்டிங் மேவன் புராஜெக்ட்ஸ் எனச் சென்று திறக்கவும். முதல் முறை தேவையான பைல்களை மேவன் இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். சற்று நேரம் பிடிக்கும். பொறுமை தேவை. ஸ்பிரிங் பூட்டுக்குள்ளேயே டாம்கேட் சர்வர் இருப்பதால் அதைத் தனியாக இன்ஸ்டால் செய்திட வேண்டாம்.

லீஃப்லெட்டைச் சேர்த்தல்

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. எளிய வழி, லீஃப்லெட் தளத்திலிருந்து ஜிப் பைலை டவுன்லோட் செய்து விரிப்பது. அதில் உள்ள லீஃப்லெட் டாட் ஜேஎஸ், லீஃப்லெட் டாட் சிஎஸ்எஸ், இமேஜஸ் போல்டர் மூன்றையும், புராஜெக்டில் ரிசோர்ஸஸ் போல்டருக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் என்ற போல்டருக்குள் காப்பி செய்திடவும். இமேஜஸ் போல்டரை மறந்தால் மேப்பில் குத்தும் நீல ஊசி தெரியாது.

இரண்டாவது வழி, வெப்ஜார். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை ஜாவாவுக்குப் பழக்கமான ஜார் பொட்டலமாகக் கட்டித் தரும் ஏற்பாடு இது. புராஜெக்டில் பாம் டாட் எக்ஸ்எம்எல் என்ற பைலைத் திறந்து, டிபென்டென்சீஸ் பகுதியில் புதிய டிபென்டென்சி ஒன்றைச் சேர்க்கவும். குரூப் ஐடி, ஓஆர்ஜி டாட் வெப்ஜார்ஸ். ஆர்ட்டிபேக்ட் ஐடி, லீஃப்லெட். வெர்ஷன், 1.9.4. சேவ் செய்தவுடன் மேவன் அதைக் கொண்டுவந்து விடும். புராஜெக்டை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றினாலும் அதே பதிப்பு தானாக வரும் என்பது இதன் வசதி.

இன்னொருவர் சர்வரிலிருந்து லைப்ரரியை நேரடியாக இணைக்கும் வழியும் உண்டு. அந்தச் சர்வர் நின்றால் நம் பக்கமும் நிற்கும். ஆகவே லைப்ரரியை நம் புராஜெக்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. முதல் முறை செய்பவர்கள் எளிய வழியையே பின்பற்றுங்கள்.

மேப் பக்கம்

ஸ்டாட்டிக் போல்டரில் இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்ற பைலை உருவாக்கவும். அதில் செய்ய வேண்டியவை ஐந்து.

1. தலைப்பகுதியில் எழுத்து வகை யுடிஎப்-8 என அறிவிக்கவும். இல்லையெனில் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக வரும்.

2. லீஃப்லெட்டின் சிஎஸ்எஸ் பைலையும், அதற்குப் பின் ஜேஎஸ் பைலையும் இணைக்கவும். இந்த வரிசை முக்கியம்.

3. பக்கத்தின் உடல் பகுதியில் ஒரு டிவ் அமைத்து, அதற்கு மேப் என ஐடி கொடுக்கவும். ஸ்டைலில் அதன் உயரத்தை 500 பிக்ஸல் எனக் குறிப்பிடவும்.

4. ஸ்கிரிப்ட் பகுதியில், எல் டாட் மேப் என்ற கட்டளையால் அந்த டிவ்வில் மேப்பைத் தொடங்கி, செட்வியூ கட்டளைக்கு 8.82, 78.14 என்ற எண்களையும் 14 என்ற ஜூம் அளவையும் தரவும். மாப்பிள்ளையூரணிப் பக்கம் திரைக்கு வந்துவிடும். குறைந்தபட்ச ஜூம் 12 என்றும் குறிப்பிடவும்.

5. எல் டாட் டைல்லேயர் கட்டளைக்கு, ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் டைல் சர்வர் முகவரியைத் தரவும். அதன் கடைசியில் இசட், எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள் நெளிவு அடைப்புக்குறிக்குள் வரும். அந்த இடங்களில் ஜூம் அளவையும் டைல் எண்களையும் லீஃப்லெட் தானே நிரப்பிக்கொள்ளும்.

மேப்பின் மூலையில் ஓபன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி தெரிவிக்கும் வரி கட்டாயம் வேண்டும். டைல்லேயர் கட்டளையிலேயே இதற்கான இடம் உள்ளது. இலவசமாகத் தருபவர்கள் கேட்பது இதுதான். அவர்கள் சர்வரிலிருந்து டைல்களை மொத்தமாக அள்ளி எடுத்துச் சேமிப்பதும் கூடாது.

ஜூமுக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இந்தியாவின் வெளி எல்லையை சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட மேப்பின்படியே காட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஊர் அளவில் நிறுத்திக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது.

ஜாவா தரும் பட்டியல்

இனி மூன்றாவது பொருள். மெயின் கிளாஸ் இருக்கும் அதே பேக்கேஜில் புதிய கிளாஸ் ஒன்றை உருவாக்கவும். வேறு பேக்கேஜில் வைத்தால் ஸ்பிரிங் அதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். கிளாஸுக்கு மேல், அட் குறியுடன் ரெஸ்ட்கன்ட்ரோலர் என எழுதவும். உள்ளே ஓர் இடத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை மூன்றையும் வைத்துக்கொள்ள ஒரு ரெக்கார்ட் அமைக்கவும். பெயர் ஸ்டிரிங் வகை. மற்ற இரண்டும் டபுள் வகை. பிறகு, அட் குறியுடன் கெட்மேப்பிங் எனப் போட்டு, பிளேசஸ் என்ற முகவரிக்கு இடங்களின் பட்டியலைத் திருப்பித் தரும் மெதட் எழுதவும். ஜாவா பட்டியலை ஜேசான் என்ற எழுத்து வடிவத்துக்கு ஸ்பிரிங்கே மாற்றிவிடும்.

பிரவுசர் பக்கத்தில், ஃபெட்ச் கட்டளையால் அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வோர் இடத்துக்கும் எல் டாட் மார்க்கர் கட்டளையைத் தரவும். ஊசியைக் கிளிக் செய்தால் பெயர் தெரிய பைண்ட்பாப்அப் என்ற கட்டளை உதவும்.

இப்போது மெயின் கிளாஸில் ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ், ஜாவா அப்ளிகேஷன் தேர்ந்தெடுக்கவும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், அதன்பின் முக்காற்புள்ளி, 8080 என டைப் செய்து என்டர் தட்டவும். உங்கள் ஊர் உங்கள் கண்முன் விரியும்.

இடங்களின் எண்களை எங்கே பெறுவது? மேப்பைக் கிளிக் செய்தால் அந்தப் புள்ளியின் எண்களைக் காட்டும்படி லீஃப்லெட்டில் ஒரு வரி எழுதலாம். பள்ளிக்கூடக் கட்டடத்தின் மேல் கிளிக் செய்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட இது நம்பகமானது. மாப்பிள்ளையூரணியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘ப்’ போடுவார், ஒருவர் விடுவார். ‘யூ’ என்பார் ஒருவர், ‘உ’ என்பார் இன்னொருவர். தேடும் கம்ப்யூட்டருக்கு இவை எல்லாம் வேறு வேறு ஊர்கள்.

எண்ணில் பிழை, இடத்தில் பிழை

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். மேப் வராமல் போனால் உடனே தெரிந்துவிடும். ஊசி தவறான இடத்தில் குத்தினால் எளிதில் தெரியாது. மழை நாளில் அதை நம்பிப் போகிறவர் நடு வெள்ளத்தில் நிற்பார். மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன.

ஒன்று, எண்கள் இடம் மாறுவது. லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பின்னர். ஓபன்லேயர்ஸ் என்ற மற்றொரு லைப்ரரியிலும் ஜியோஜேசான் வகைப் பைல்களிலும் தீர்க்கரேகை முதலில் வரும். அங்கிருந்து எடுத்த எண்களை அப்படியே லீஃப்லெட்டில் போட்டால், தூத்துக்குடியில் குத்த வேண்டிய ஊசி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, பனிக்கடலில் போய்க் குத்தும்.

இரண்டு, நிமிடக் கணக்கு. படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவிகளில் பல, டிகிரியையும் நிமிடத்தையும் காட்டும். 8 டிகிரி 48.5 நிமிடம், 78 டிகிரி 8.4 நிமிடம் என்று ஒரு மீனவர் சொன்னால், அதை 8.485, 78.84 என எழுதிவிடக் கூடாது. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான விடை 8.8083, 78.14. தவறாக எழுதினால் கரையில் இருக்கும் இடம் தெற்கே 36 கிலோ மீட்டரும் கிழக்கே 77 கிலோ மீட்டரும் தள்ளி மன்னார் வளைகுடாவுக்குள் போய்விடும்.

மூன்று, தசம இலக்கங்களைக் குறைப்பது. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோ மீட்டர். எனவே மூன்று இலக்கம் எழுதினால் 111 மீட்டர் நுட்பம்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு தெரு மாறிவிடும். ஐந்து இலக்கம் எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர். தெரு அளவில் குறிக்க ஐந்து இலக்கங்கள் போதும்.

இவற்றில் முதல் இரண்டையும் ஜாவாவிலேயே தடுத்துவிடலாம். அட்சரேகை 8.7-க்கும் 8.9-க்கும் இடையில், தீர்க்கரேகை 78.0-க்கும் 78.2-க்கும் இடையில் இருக்கிறதா என ஓர் இஃப் வரி எழுதுங்கள். இல்லையெனில் அந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்காமல் எச்சரிக்கை காட்டச் செய்யுங்கள். மூன்றாவது பிழைக்கு அந்த இடத்துக்கு நேரில் போய் மொபைல் போனில் சரிபார்ப்பதே வழி.

மேப் வரவில்லையா?

பக்கம் வெறுமையாக இருந்தால் டிவ்வுக்கு உயரம் தரவில்லை என்று பொருள். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது.

டைல்கள் கலைந்த சீட்டுக்கட்டு போல அங்குமிங்கும் கிடந்தால் சிஎஸ்எஸ் பைல் வந்து சேரவில்லை. அதன் பாதையைச் சரிபார்க்கவும்.

மேப் வந்து ஊசிகள் வராவிட்டால், முகவரிப் பெட்டியில் பிளேசஸ் முகவரியை நேரடியாகத் தந்து பார்க்கவும். பட்டியல் தெரிந்தால் பிழை ஜாவாஸ்கிரிப்டில், தெரியாவிட்டால் ஜாவாவில்.

எச்டிஎம்எல் பைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் டைல் சர்வர் படம் தர மறுக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்ற விவரம் அதற்குத் தேவை. எப்போதும் லோக்கல்ஹோஸ்ட் வழியாகவே திறக்கவும்.

எந்தக் கோளாறு என்றாலும் கீபோர்டில் எஃப்12 தட்டி, கன்சோல் என்ற பகுதியைப் பாருங்கள். பிரவுசரின் புகார் அங்கே சிவப்பில் இருக்கும்.

மற்றவர்களுக்குக் காட்டும் முன்

லோக்கல்ஹோஸ்ட் என்பது உங்கள் கம்ப்யூட்டர் மட்டுமே. வீட்டில் அதே வை-ஃபை இணைப்பில் உள்ள மொபைலில் பார்க்க, கம்ப்யூட்டரின் ஐபி முகவரியுடன் 8080 சேர்த்துத் தர வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் தரவும். ஊருக்கே காட்ட வேண்டுமெனில் ஜாவா இயங்கும் ஹோஸ்டிங் சர்வரில் ஏற்ற வேண்டும்.

அப்படி ஏற்றும் முன் இரண்டு விஷயங்களை மனத்தில் கொள்ளவும். பள்ளி, சுகாதார நிலையம், சமுதாயக் கூடம் போன்ற பொது இடங்களையே குறியுங்கள். தனியாக வசிக்கும் முதியவர் வீடு என்று யாருடைய வீட்டையும் பொதுவில் குறிக்காதீர்கள். உதவிக்கு வருபவருக்குத் தெரியும் அதே நேரத்தில் திருடனுக்கும் அது தெரியும்.

அடுத்து, மேப்புக்குக் கீழே அதே இடங்களைச் சாதாரண எழுத்தில் ஒரு பட்டியலாகவும் தாருங்கள். 2023 வெள்ளத்தில் மாவட்டத்தின் பல இடங்களில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டது. இணைப்பு மெதுவாக இருக்கும்போது டைல் படங்கள் வராது. சில வரி எழுத்து வந்துவிடும். இணைப்பே இல்லாத நேரத்துக்கு அந்தப் பட்டியலை அச்சிட்டு, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மேப்பில் உங்கள் தெரு இல்லையா? வருத்தம் வேண்டாம். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே வரைந்து சேர்க்கலாம். படத்தையும் லைப்ரரியையும் உலகத்தார் இலவசமாகத் தந்துவிட்டார்கள். எந்தச் சாலை முதலில் மூழ்கும், எந்தத் திண்ணை உயரமானது என்ற மூன்றாவது பொருளை நீங்கள்தான் தர முடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஐந்து இடங்களுடன் தொடங்கிப் பாருங்கள்.